பழுது சில்லிலா, கருவியிலா?

தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் மின்னணுக் கருவிகளின் சுற்றுப்பலகையில், அவற்றைச் செய்த நிறுவனம் வைக்காத ஒரு சிறு சில்லைப் பிற்பாடு பற்றவைத்து, கருவி இயங்கத் தொடங்கும் கணத்தில் தனக்குள் நடத்திக்கொள்ளும் சோதனைகளை வேறு திசைக்குத் திருப்பும் வழக்கம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து உலகெங்கும் நிலவிவருகிறது. மோட் சிப் என்று பரவலாக அறியப்படுவதும் கடைப்பேச்சில் வெறுமனே ‘சிப்’ எனப்படுவதுமான இதனை மாற்றுச்சில்லு எனலாம். அது பொருத்தப்பட்ட கருவி ஒன்று இயங்காமற்போனால், ‘சிப் போயிடுச்சு’ என்ற முடிவுக்கு உரிமையாளரும் பழுதுபார்ப்பவரும் விரைந்து வந்துவிடுகின்றனர். உண்மையில் மின்வழங்கி, இணைப்பான், லென்ஸ், மின்தேக்கி, பற்றவைப்பு ஆகியவற்றை முறையாக ஆராய்ந்து விலக்கிய பின்னரே சில்லின் மீது ஐயம் கொள்ள வேண்டும் என்பதுதான் இத்துறையின் முதன்மையான பாடம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இப்பாடத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு. கோடை வெயில் 40 பாகை செல்சியஸை எட்டுவதும், அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் சூழ்ந்திருப்பதும், பெரம்பலூரின் கரிசல் காடுகளில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்து அறுவடைக் காலத்தில் நுண்தூசி எழுவதும் வீட்டுக்குள் இருக்கும் மின்னணுக் கருவிகளைப் பாதிக்கும் காரணிகளாகும். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைப்போர் விடுமுறையில் கொண்டுவரும் கருவிகள் வேறு நாட்டு மின்னழுத்தத்துக்கும் வேறு நாட்டு ஒளிபரப்பு முறைக்கும் ஏற்பச் செய்யப்பட்டவையாக இருக்கக்கூடும். இச்சூழலில் எழும் பழுதுகளில் பல சில்லோடு தொடர்பற்றவை. ஆயினும் சில்லின் பிழை போலவே தோற்றம் தருபவை.

பூட்டும் பழுதும் ஒத்த தோற்றம் கொள்ளுதல்

நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியில் எவ்வகைப் பூட்டும் இல்லை. 1990களில் தமிழகத்துச் சிற்றூர்கள்வரை பரவிய ‘டிவி கேம்’ பெட்டிகளில் மிகப் பல அதன் நகல்களே ஆதலால், 60 முனைகள் கொண்ட எந்தக் கேசட்டைச் செருகினாலும் அவை இயங்கின. ஆனால் 1985இல் அமெரிக்காவில் அறிமுகமான அதே கருவியின் மறுவடிவத்தில், கருவிக்குள் ஒன்றும் கேசட்டுக்குள் ஒன்றுமாக இரு காவல் சில்லுகள் வைக்கப்பட்டன. இரண்டும் ஒரே கணக்கைச் செய்து, விடையைத் துணுக்குத் துணுக்காகப் பரிமாறிக்கொள்ளும். விடைகள் பொருந்தாவிடில் கருவியின் காவல் சில்லு மையச் செயலியை மீளத் தொடங்கச் செய்யும். அந்நிலையில் முகப்பு விளக்கு ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை அணைந்து எரியும்.

இவ்விளக்கு மின்னுவதைக் கண்டவர்கள் கேசட் போலியானது என்றோ கருவி கெட்டுவிட்டது என்றோ கருதினர். பெரும்பாலான நேர்வுகளில் உண்மைக் காரணம் 72 முனை இணைப்பானின் உலோக நாக்குகள் தளர்ந்திருந்ததோ அவற்றின் மேல் ஆக்சைடு படிந்திருந்ததோதான். காவல் குறிகை செல்லும் முனைகளில் ஒன்றில் தொடுகை தவறினாலும் காவல் சில்லுகளின் உரையாடல் முறிந்துவிடும் என்பதால், ஓர் எளிய இயந்திரப் பழுது காவலின் மறுப்பாக வெளிப்பட்டது. கருவியிலுள்ள காவல் சில்லின் நான்காம் முனையை வெட்டி அதனைச் செயலிழக்கச் செய்வது அக்காலத்தில் பரவிய ஒரு திருத்தமாகும். அதைச் செய்த பின்னும் படம் வராத கருவிகளில் இணைப்பானே குற்றவாளி என்பது தெளிவாயிற்று. பூட்டின் மறுப்பும் பொருளின் பழுதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்ற இவ்வுண்மை, பின்வந்த எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

வட்டின் தடத்தில் எழுதிய நான்கு எழுத்துகள்

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் குறுவட்டுகளின் தொடக்கப் பகுதியில், தரவு எழுதப்படும் சுருள்தடமே நுண்ணிய அளவில் இடவலமாக நெளியுமாறு அச்சிடப்பட்டிருந்தது. அந்நெளிவில் ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ என நான்கெழுத்துக் குறியீடு ஒளிந்திருந்தது. கணினியில் வட்டை நகலெடுக்கும் எழுதுகருவி தரவை மட்டுமே எழுதும். தடத்தின் நெளிவை உருவாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே நகல் வட்டில் தரவு முழுமையாக இருந்தாலும் குறியீடு இராது; அயல்நாட்டு மூல வட்டிலோ குறியீடு இருந்தும் நாடு பொருந்தாது. சிங்கப்பூரில் விற்கப்பட்ட கருவி ஜப்பானியக் குறியீட்டை எதிர்பார்ப்பது என்பதால், ஐரோப்பியக் குறியீடு தாங்கிய வட்டை விலைகொடுத்து வாங்கியவரும் அதை அக்கருவியில் இயக்க முடியவில்லை.

எட்டு முனைகளே கொண்ட ஒரு மலிவான நுண்கட்டுப்படுத்தியே அக்காலத்து மாற்றுச்சில்லு. வட்டியக்கியின் கட்டுப்பாட்டகம் குறியீட்டை எதிர்நோக்கும் கணத்தில், நெளிவிலிருந்து வரும் குறிகையைத் தடுத்து, அதற்குப் பதிலாக அந்நான்கு எழுத்துகளை வினாடிக்கு ஏறத்தாழ 250 துணுக்குகள் என்ற நிதானமான வேகத்தில் அது ஊட்டும். தொடக்கக் காலச் சில்லுகள் இக்குறியீட்டை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருந்தன. குறியீடு வரக்கூடாத நேரத்திலும் அது வருகிறதா என்று சோதிக்கும் விளையாட்டுகள் பின்னர் வெளிவந்தபோது, அச்சில்லுகள் பிடிபட்டன. தொடக்கச் சோதனை முடிந்ததும் அமைதியாகிவிடும் சில்லுகள் அதன் விளைவாகத் தோன்றின. ஆகவே பல விளையாட்டுகள் ஓடி, ஒரு குறிப்பிட்ட விளையாட்டு மட்டும் நடுவில் எச்சரிக்கைத் திரை காட்டி நின்றால், பற்றவைப்பில் குறை தேடுவது வீண்; அது சில்லின் நிரல் பழையதாக இருப்பதன் அறிகுறி.

படம் தெளிவாகவும் வண்ணமின்றியும் தோன்றுவது இன்னொரு வகைக் குழப்பம். இந்தியத் தொலைக்காட்சி கையாண்ட பால் முறை, வினாடிக்கு 50 புலங்களும் ஏறத்தாழ 4.43 மெகாஹெர்ட்ஸ் வண்ண ஊர்தி அலையும் கொண்டது. ஜப்பானும் அமெரிக்காவும் கையாண்ட என்டிஎஸ்சி முறையிலோ புலங்கள் ஏறத்தாழ 60, ஊர்தி அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். அயல்முறை விளையாட்டைச் சில்லின் உதவியால் தொடங்கிய கருவி, வண்ண அலையைப் பிசகிய அதிர்வெண்ணில் அனுப்பும்போது தொலைக்காட்சி அதை இனங்காணாமல் கறுப்புவெள்ளையாகக் காட்டுகிறது. விளையாட்டு தொடங்கிவிட்டது என்பதே சில்லு தன் கடமையை முடித்துவிட்டதற்குச் சான்று. எஞ்சிய குறை படக்குறிகையைச் சார்ந்தது. மூவண்ணக் குறிகைகளையும் தனித்தனியே கொண்டுசெல்லும் கம்பிவடத்தை, அதை ஏற்கும் தொலைக்காட்சியில் இணைத்தால் அக்குறை நீங்கும்.

லென்ஸின் முதுமை

வட்டைப் படிக்கும் கருவிகளில் சில்லின் மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பங்கு லென்ஸுக்கு உரியது. குறுவட்டை 780 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு லேசரும், டிவிடியை 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும் படிக்கின்றன. அச்சிட்ட குறுவட்டின் அலுமினியப் படலம் லேசர் ஒளியில் 70 விழுக்காட்டுக்கும் மேலானதைத் திருப்பி அனுப்பும். ஒருமுறை எழுதத்தக்க வட்டு அதைவிடச் சற்றுக் குறைவாகவும், பலமுறை அழித்து எழுதத்தக்க வட்டு 15 முதல் 25 விழுக்காட்டளவில் மட்டுமேயும் ஒளியைத் திருப்புகின்றன. லேசர் முதுமையடைந்தாலோ லென்ஸின் மேல் தூசிப்படலம் படிந்தாலோ திரும்பும் ஒளி மேலும் குன்றி, அச்சிட்ட வட்டு படிக்கப்பட்டும் எழுதிய வட்டு படிக்கப்படாமலும் போகும். இதைக் காண்பவர் ‘மூலம் ஓடுகிறது, நகல் ஓடவில்லை, ஆகவே சிப் பழுது’ என்று முடிவுகட்டுவது இயல்பே, ஆனால் அது பிழையான முடிவு. விளையாட்டு அல்லாத, எழுதத்தக்க வட்டில் பதிந்த பாடல்களை அக்கருவியில் ஓடவிட்டால் உண்மை விளங்கிவிடும்: பாடலுக்குக் குறியீட்டுச் சோதனை இல்லை என்பதால், அதுவும் தடுமாறினால் குறை லென்ஸில்தான்.

2000ஆம் ஆண்டு வெளிவந்து, உலகில் மிக அதிகமாக விற்ற விளையாட்டுக் கருவியாக விளங்கும் பிளேஸ்டேஷன் 2இல் இக்குறை இன்னும் தீவிரமான வடிவம் எடுத்தது. அதன் பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில், வட்டைப் படிக்க இயலாமல் லென்ஸ் மேலும் கீழும் அலையும்போது, அதனை நகர்த்தும் நுண்சுருளில் மிகை மின்னோட்டம் பாய்ந்து சுருளே கருகியது. அதனைத் தடுக்கும் காப்புச்சுற்றுகள் பின்னர்ச் சில்லுகளோடு சேர்த்தே பொருத்தப்பட்டன. சுருள் அறுந்ததா என்பதைப் பன்மானியின் தடைமுறையில் சில நொடிகளில் அறியலாம்: சில ஓம் அளவே இருக்க வேண்டிய தடை, அறுந்த சுருளில் முடிவிலியாகக் காட்டும்.

மும்முறை முயன்று நின்றுவிடும் கருவி

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரில் வந்தபோது, அதன் தொடக்க நிரலின் முதல் 512 பைட்டுகள் ஒரு சில்லுக்குள் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த ஆண்ட்ரூ ஹுவாங், இரு சில்லுகளுக்கு இடையே விரைந்து செல்லும் குறிகைகளை 2002இல் தாமே செய்த சுற்றால் ஒற்றறிந்து அந்நிரலை வெளிக்கொணர்ந்தார். அதன் பின் வந்த மாற்றுச்சில்லுகள், ஆலையில் பலகையைச் சோதிப்பதற்கென விடப்பட்டிருந்த எல்பிசி என்ற குறுந்தடத்தில் பொருத்தப்பட்டன. கருவியின் சொந்த நினைவகத்திலிருந்து வரும் முதல் தரவுக்கம்பியைத் தரைமட்டத்தோடு இணைத்தால், கருவி அந்நினைவகத்தைப் பயனற்றதெனக் கருதி, எல்பிசி தடத்தில் வேறொரு நிரல் உள்ளதா எனத் தேடும். அங்கே மாற்றுச்சில்லு காத்திருக்கும்.

இக்கருவியின் மேற்பார்வைச் சில்லு, மையச் செயலி குறித்த நேரத்துக்குள் சரியான விடையைத் தருகிறதா என்று பார்க்கிறது. தராவிடில் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குகிறது. மூன்றாம் முறையும் தவறினால் முகப்பு வளையத்தைச் சிவப்பும் பச்சையுமாக மாறிமாறி மின்னவைக்கிறது. ஆகவே இவ்விளக்கின் பொருள் ‘சில்லு கெட்டது’ என்பதன்று. ‘செயலிக்கு நம்பத்தகுந்த நிரல் கிட்டவில்லை’ என்பதே. தரவுக்கம்பி தரையோடு சரியாகச் சேராதது, எல்பிசி இணைப்பில் ஒரு கம்பி விடுபட்டது, நினைவகத்தில் குறை, சில்லின் நிரல் பாதியில் அழிந்தது ஆகிய நான்கும் ஒரே விளக்கையே ஏற்றும். இறுதிப் பதிப்பான 1.6இல் எல்பிசி தடத்தின் சில கம்பிகள் பலகையில் துண்டிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் புதிதாக இழுத்து இணைக்காமல் பழைய முறையில் சில்லை வைத்தால், நல்ல சில்லும் இயங்காது.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. இக்கருவியின் வன்தட்டு, அந்தந்தப் பலகைக்கே உரிய கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. மாற்றுச்சில்லின் நிரல் பூட்டில்லாத பெரிய வன்தட்டையும் ஏற்கும். சில்லை நிறுத்திவிட்டு மூலநிரலில் தொடங்கினால், அதே வன்தட்டு பிழைத்திரையைக் காட்டும். சில்லை நீக்கிச் சோதிப்பதே தலையாய விதி என்றாலும், நீக்கும்போது வேறு எவையெவை மாறுகின்றன என்று அறியாமல் அவ்விதியைக் கையாண்டால் அதுவே தவறான முடிவைத் தரும். பழைய எக்ஸ்பாக்ஸில் மணிகாட்டிக்கு மின்சாரம் சேமித்துவைக்கும் மின்தேக்கி கசிந்து, பலகையின் செப்புத்தடங்களை அரித்து, கருவியைத் தானே இயங்கவும் இயங்க மறுக்கவும் செய்வது இன்று மிகப் பரவலான பழுது. இருபது ஆண்டு கடந்த ஒவ்வோர் எக்ஸ்பாக்ஸிலும் முதலில் காண வேண்டியது அம்மின்தேக்கியையே.

நானோவினாடிகளின் ஆட்சி

பிற்காலக் கருவிகளில் நிரல்கள் மறையீட்டுக் கையொப்பத்தால் காக்கப்பட்டதால், வேறொரு நிரலை நீட்டுவது மட்டும் போதாததாயிற்று. எக்ஸ்பாக்ஸ் 360க்கு 2011இல் வெளியான முறை இதனை வேறு வழியில் அணுகியது. சில்லு செயலியின் வேகத்தைப் பன்மடங்கு குறைத்து, கையொப்பங்கள் ஒப்பிடப்படும் கணத்தில், செயலியை மீளத் தொடங்கும் முனைக்கு மிகக் குறுகிய துடிப்பொன்றை அனுப்புகிறது. தொடக்கப் பதிப்புகளில் அதன் நீளம் ஏறத்தாழ 100 நானோவினாடி, பின்வந்த மெலிந்த பதிப்புகளில் 20 நானோவினாடி. சந்தையில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பவரின் தோளைச் சரியான கணத்தில் தட்டினால், அவர் எண்ணுவதை நிறுத்தாமலே கணக்கைத் தவறவிடுவது போல, செயலியும் அணையாமலே ஒப்பீட்டின் விடையைப் பிழையாக்கி ‘பொருந்துகிறது’ என்று சொல்லிவிடுகிறது. சற்று முந்தினாலோ பிந்தினாலோ செயலி முடங்கிவிடும். சில்லு சில நொடிகள் காத்துவிட்டு மீண்டும் முயலும்.

இவ்வகைச் சில்லின் பழுது ‘இயங்குகிறது’ அல்லது ‘இயங்கவில்லை’ என்ற இரண்டில் ஒன்றாக அமைவதில்லை, நிகழ்தகவாகவே அமைகிறது. ஒரு நாள் முதல் முயற்சியிலும் மறுநாள் பல நிமிடங்கள் கழித்தும் தொடங்கும் கருவியில், சில்லின் சிறுவிளக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் மின்னுகிறதா என்பதே முதல் தடயம். அது மின்னாவிடில் மின்னூட்டமோ கண்காணிப்புக் கம்பியோ இல்லை. மின்னியும் தொடங்காவிடில் துடிப்பின் நேரமோ வடிவமோ சரியில்லை. செப்புக்கம்பியில் மின்குறிகை ஒரு நானோவினாடிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், 10 சென்டிமீட்டர் மிகைநீளம் அரை நானோவினாடியைத்தான் கூட்டும். அதைவிடப் பெரிய தீங்கு, நீண்ட கம்பியின் தூண்டமும் கொண்மமும் துடிப்பின் கூரிய விளிம்பை மழுக்குவதும், மின்வழங்கியின் இரைச்சலை உள்வாங்குவதுமே. கம்பியைச் சுருக்குவதும், மின்வழங்கிச் சுருள்களுக்கு அப்பால் நடத்துவதும், நல்ல தரையிணைப்புக்கு அருகே ஓட்டுவதும் பல நேர்வுகளில் புதிய சில்லு வாங்கும் செலவைத் தவிர்த்துவிடும்.

2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில், 2018இல் கண்டறியப்பட்ட ஒரு குறைபாடு செயலியின் மாற்றவியலாத நினைவகத்திலேயே இருந்ததால், முதல் பதிப்புகளுக்குச் சில்லே தேவைப்படவில்லை. அது திருத்தப்பட்ட பின்வந்த பதிப்புகளில், செயலியின் மின்னழுத்தத்தை ஒரு கணம் தாழ்த்தித் தடுமாறவைக்கும் சில்லுகள் தோன்றின. 2021இல் வெளியான ஆர்பி2040 என்ற மலிவான பொதுப்பயன் நுண்கட்டுப்படுத்தியும் இதற்குக் கையாளப்பட்டது. இங்கு இணைப்புப் புள்ளிகள் மிகச் சிறியவை. சேமிப்பகத்தின் தரவு, கட்டளை, கடிகாரம் என்ற மூன்று தடங்களில் ஒன்றில் பற்றவைப்பு நலிந்திருந்தாலும், கருவி திரையே காட்டாமல் நின்றுவிடக்கூடும்.

வெப்பம், தூசி, தரையிணைப்பு

பழுதுக்குரிய இயற்பியல் காரணங்களில் முதன்மையானது வெப்பம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும்; ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் பரவிய ஈயமற்ற பற்றாசு உருகுவதற்கு 217 பாகைக்கு மேல் வேண்டும். வெப்பக் கட்டுப்பாடற்ற பற்றுகோலால் ஈயமற்ற பலகையில் வேலை செய்பவர், உருகவில்லையே என்று நீண்ட நேரம் அழுத்தினால், 35 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள செப்புத்திட்டு பலகையிலிருந்து உரிந்துவிடும். போதிய சூடின்றித் தொட்டால், மேலே ஒட்டியதுபோல் தோன்றியும் உள்ளே ஒட்டாமலும் இருக்கும் ‘குளிர் இணைப்பு’ உருவாகும். அவ்விணைப்பு காலையில் குளிர்ந்த நிலையில் தொடர்பு தந்து, கருவி சூடேறியதும் விரிந்து விலகலாம். கோடையில் 40 பாகை வெப்பமுள்ள அறையில் கருவியின் உள்வெப்பம் அதற்கும் மேலே ஏறும். பத்துப் பாகை உயர்வுக்கு மின்பகு மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கையாளும் பொது மதிப்பீடு.

அடுத்தது தூசி. கல்லங்குறிச்சி, ரெட்டிபாளையம் போன்ற சுரங்கப் பகுதிகளையும் சிமென்ட், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகளையும் ஒட்டிய வீடுகளில், விசிறி இழுக்கும் காற்றோடு நுண்தூள் உள்ளே புகுந்து வெப்பச்சிதறலியின் இடுக்குகளை அடைக்கிறது. உலர்ந்த சுண்ணாம்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சிமென்ட் தூள் ஈரத்தை உறிஞ்சிக் காரத்தன்மை அடைவதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரக்காற்றில் அப்படலம் அருகருகே உள்ள முனைகளுக்கிடையே மின்கசிவை உண்டாக்கக்கூடும். பற்றவைத்தபின் துடைக்காமல் விட்ட அமிலத்தன்மையுள்ள பேஸ்ட்டும் இதே தீங்கைச் செய்து, செப்புக்கம்பிகளில் பச்சைப் படிவை உருவாக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் துடைத்து உலரவைப்பது, மழைக்காலத்தில் மட்டும் தோன்றும் விளங்காத பழுதுகள் பலவற்றைப் போக்கும்.

மூன்றாவது, தரையிணைப்பு. இருமுனைச் செருகியுள்ள மின்வழங்கிகளில், இரைச்சலைத் தணிக்கும் சிறு மின்தேக்கி வழியாக வெளியுலோகத்தில் மின்னழுத்தம் மிதப்பது உண்டு. தொடும்போது விரல் நுனியில் உணரப்படும் மெல்லிய அதிர்வு இதனாலேயே. மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கற்ற இச்சிறு மின்னோட்டம், தொலைக்காட்சிக் கம்பியைச் செருகும் கணத்திலோ தரையிணைப்பற்ற பற்றுகோல் படும் கணத்திலோ சில்லின் உள்ளீட்டு முனையைச் சிதைக்கப் போதுமானது. ஆகவே பற்றவைக்கும்போது கருவியின் மின்கம்பி, தொலைக்காட்சிக் கம்பி ஆகிய அனைத்தும் நீக்கப்பட்டிருக்க வேண்டும்; பற்றுகோல் மூன்றுமுனைச் செருகியோடு உண்மையான தரையில் இணைந்திருக்க வேண்டும். ஜப்பானின் 100 வோல்ட்டுக்கோ அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கோ செய்யப்பட்ட கருவியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகுவது, சில்லுக்கு வேலையே இல்லாமற்செய்யும் பழுதாக முடியும்.

சோதனையின் வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை தானே உருவாகிறது. முதலாவதாக, சில்லை நிறுத்தியோ அதன் மின்னூட்டக் கம்பியையும் குறிகைக் கம்பிகளையும் விடுவித்தோ, கருவி தன் இயல்பு நிலையில் மூல வட்டை ஓட்டுகிறதா என்று காண வேண்டும். ஓட்டாவிடில் பழுது பெரும்பாலும் கருவியில்தான், அல்லது சில்லைப் பொருத்தியபோது நேர்ந்த சேதத்தில். இரண்டாவதாக, உருப்பெருக்கியால் ஒவ்வோர் இணைப்பையும் நோக்கி, அடுத்தடுத்த முனைகளை இணைத்துவிட்ட பற்றாசுத் துளி, உரிந்த திட்டு, அறுந்த கம்பி ஆகியவற்றைத் தேட வேண்டும். மூன்றாவதாக, மின்சாரம் இல்லாத நிலையில் ஒவ்வொரு மின்னூட்டத் தடத்துக்கும் தரைக்கும் இடையிலான தடையை அளந்து, குறுக்குச்சுற்று இல்லை என்று உறுதிசெய்த பிறகே மின்சாரம் தர வேண்டும்.

நான்காவதாக, சில்லுக்குரிய மின்னழுத்தம், எடுத்துக்காட்டாக 3.3 வோல்ட், சில்லின் முனையிலேயே கிடைக்கிறதா என்று அளக்க வேண்டும். பலகையில் சரியாக இருந்து சில்லில் குறைந்தால் நடுவிலுள்ள இணைப்பே குறை. ஐந்தாவதாக, கடிகாரத் துடிப்பையும் மீள்தொடக்கக் குறிகையையும் அலைகாட்டியால் பார்க்க வேண்டும். விரைவான துடிப்பின் சராசரியை மட்டுமே பன்மானி காட்டும் என்பதால், அதன் அளவீட்டை இங்கே நம்பலாகாது. ஆறாவதாக, பலகையின் பதிப்பு எண்ணுக்குரிய இணைப்புப் படமே பின்பற்றப்பட்டதா என்றும், சில்லின் நிரல் அப்பதிப்புக்கு ஏற்றதா என்றும் ஒப்பிட வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் கருவி இயங்காவிடில், அப்போது மட்டுமே சில்லை மாற்றுவது நியாயமாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவதும், மாற்றியதை எழுதிவைப்பதும் இவ்வரிசையின் உயிர்நாடி. இரண்டை ஒருங்கே மாற்றியவர், கருவி இயங்கினாலும் எதனால் இயங்கியது என்று அறியமாட்டார்.

சட்டத்தின் எல்லை

இத்தொழில்நுட்பம் உரிமைமீறிய நகல் வட்டுகளுக்குத் துணைபோனதும் வரலாற்று உண்மையே. ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2005இல், பிளேஸ்டேஷனின் குறியீட்டுச் சோதனை அந்நாட்டுச் சட்டம் அப்போது வரையறுத்த தொழில்நுட்பக் காப்பு ஆகாது என்று, சில்லு பொருத்தியவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ, ஸ்விட்ச் கருவிக்கான சில்லுகளை விற்ற குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022இல் 40 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்தியாவில், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமையை மீறும் உள்நோக்கத்தோடு தொழில்நுட்பக் காப்பைத் தகர்ப்பவருக்கு ஈராண்டு வரையிலான சிறையும் தண்டமும் விதிக்க இடமளிக்கிறது. சட்டம் தடைசெய்யாத நோக்கத்துக்காக அதைச் செய்வதற்கு அப்பிரிவு விலக்களித்தாலும், பிறருக்காக அதைச் செய்துதருபவர், அதைச் செய்யக் கேட்டவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சிற்றூர்ப் பழுதுபார்ப்பவரும் தம் கடையில் ஒரு பதிவேடு வைத்திருப்பது அவருக்கே பாதுகாப்பு.

பழுதுநீக்கும் உரிமை என்ற கோட்பாடு இதனினும் பரந்தது. விளையாட்டுக் கருவியின் கெட்டுப்போன வட்டியக்கியை மாற்றுவதற்காகக் காப்பைத் தாண்டலாம் என்று அமெரிக்காவில் 2021இல் விலக்களிக்கப்பட்டது. இந்திய ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, தனித் தளத்தையும் தொடங்கியது. உற்பத்தி நின்றுபோன கருவிகளையும் அவற்றுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளையும் காக்க வேண்டுமாயின், அவற்றின் பலகையை வாசிக்கத் தெரிந்த கைகள் வேண்டும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மின்னணுவியல் பயிலும் மாணவர்களுக்கு, எறியப்படும் நிலையிலுள்ள இக்கருவிகள் மிகச் சிறந்த ஆய்வுக்கூடமாக அமையும். தரைத்தடை, மின்னழுத்தம், கடிகாரம், குறிகை, நிரல் ஆகிய ஐந்தும் ஒரே பலகையில் கற்கக் கிடைப்பது அரிது. இவ்வரிசையில் பழகிய கை, கைப்பேசியின் பலகையையும் சூரியமின் பம்புசெட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அதே துணிவோடு திறக்கும். ஆகவே பயிற்சி அளிப்போர் பழைய கருவிகளைத் திரட்டி மாணவர் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பழுதுபார்க்கும் தொழிலில் இருப்போர், சில்லைக் குறைகூறுவதற்கு முன் கருவியை அளந்து பார்ப்பதை மாறாத வழக்கமாகக் கொள்ள வேண்டும்.